பழைய சீரியல் புரோகிராமரும் புது லேப்டாப்பும்: வாசகர் கேள்வி பதில்

சிப்பில் நிரல் ஏற்றும் பழைய கருவிகளை, அதாவது புரோகிராமர்களைப் பற்றிக் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாமே ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: கருவியில் இருப்பது ஒன்பது பின் சீரியல் போர்ட், கணினியில் இருப்பதோ யுஎஸ்பி மட்டும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கி, இந்த இதழிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னிடம் ஒரு ஜேடிஎம் புரோகிராமர் இருக்கிறது, பிக்16எஃப்84 மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்காக வாங்கியது. பழைய டெஸ்க்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. லேப்டாப்பில் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் வைத்துச் சொருகினால் சிப்பே இல்லை என்கிறது மென்பொருள். அடாப்டர் கெட்டுப்போகவில்லை, அதே அடாப்டரில் வேறொரு கருவி நன்றாக வேலை செய்கிறது. பிரச்சினை எங்கே?

பதில்: அடாப்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஜேடிஎம் கேட்கிற வேலைதான் வேறு.

சீரியல் போர்ட்டில் சொருகும் புரோகிராமர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் பெட்டிக்குள்ளேயே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) இருக்கும். கணினி அதற்கு 'இந்த முகவரியில் இந்த பைட்டை எழுது' என்று சொல்லிவிட்டால் போதும், சிப்புக்கு எப்போது எந்த வோல்டேஜ், எந்த பின்னில் எத்தனை மைக்ரோவினாடி துடிப்பு என்பதையெல்லாம் பெட்டியே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வகைக்கு மூளை கிடையாது. நாலைந்து டையோடு, ஒன்றிரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். மூளை கணினியில் ஓடும் மென்பொருள். சீரியல் போர்ட்டை அது பைட் அனுப்பும் வழியாகவே பயன்படுத்துவதில்லை. போர்ட்டில் உள்ள கட்டுப்பாட்டு ஒயர்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கி, சிப்புடன் நேராகப் பேசுகிறது. இதற்குத்தான் பிட்பேங் என்று பெயர். ஜேடிஎம் இந்த இரண்டாவது வகை. டிடிஆர் ஒயரில் டேட்டா போகிறது, ஆர்டிஎஸ் ஒயரில் கிளாக், சிடிஎஸ் வழியாகச் சிப் திருப்பிச் சொல்வதைப் படிக்கிறது, டிஎக்ஸ்டி ஒயர் நிரலேற்றும் வோல்டேஜைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். இத்தனைக்கும் இடையில் ஒரு பைட்கூட முறையான சீரியல் வடிவத்தில் போவதில்லை.

பழைய கணினியில் காம்1 என்பது ஹெக்ஸ் 3எஃப்8 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்த நிஜமான வன்பொருள். அதிலிருந்து நாலு தள்ளி இருக்கும் ரெஜிஸ்டரில் (வன்பொருளின் சின்ன நினைவுக் கட்டத்தில்) ஒரு பிட்டை மாற்றினால் டிடிஆர் ஒயர் ஏறும், சுமார் ஒரு மைக்ரோவினாடியில் வேலை முடிந்துவிடும். யுஎஸ்பி அடாப்டருக்கு அப்படி முகவரியே இல்லை. டிரைவர் ஒரு கோரிக்கை தயாரித்து, அது யுஎஸ்பியில் முறை வரும்வரை காத்திருந்து, அடாப்டருக்குள் இருக்கும் சிப் அதைப் படித்து, அப்புறம்தான் ஒயர் அசையும். சாதாரண அடாப்டர்கள் ஓடும் ஃபுல் ஸ்பீட் யுஎஸ்பியில் ஒரு ஃபிரேம் 1 மில்லிவினாடி. ஆக ஒரு ஒயரை ஒரு தடவை அசைக்கவே தோராயமாக ஆயிரம் மடங்கு நேரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16எஃப்84-ல் ஒரு சொல் (நிரலின் ஓர் அலகு) எழுத 22 பிட் அனுப்ப வேண்டும், அப்புறம் 'எழுது' கட்டளைக்கு 6, அடுத்த முகவரிக்கு நகர 6, மொத்தம் 34 பிட். ஒவ்வொரு பிட்டுக்கும் டேட்டாவை வைத்து, கிளாக்கை ஏற்றி, இறக்க வேண்டும். அப்படியானால் சுமார் 100 அசைவு. அசைவுக்கு 1 மில்லிவினாடி என்றால் ஒரு சொல்லுக்கு 0.1 வினாடி, 1,024 சொல்லுக்கு 100 வினாடிக்குக் கொஞ்சம் மேலே. இது எழுத மட்டும்தான். சரிபார்ப்பில் ஒவ்வொரு பிட்டையும் கேட்டு, பதில் வரக் காத்திருக்க வேண்டும் என்பதால் இன்னும் கூடும். ஏவிஆர் என்ற இன்னொரு மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தின் பக்கம் வந்தால் நிலைமை மோசம்: அட்மெகா8-ல் 8 கிலோபைட், ஒவ்வொரு பைட்டுக்கும் 32 பிட் கட்டளை, எழுதுவதற்கு மட்டும் 13 நிமிடம் ஆகும்.

மெதுவாக இருந்தால் இருக்கட்டும், காத்திருக்கிறேன் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஜேடிஎம்முக்கு அதுவும் உதவாது, காரணம் வோல்டேஜ். அந்தச் சுற்றுக்குத் தனியாக மின்சாரம் இல்லை, எல்லாவற்றையும் போர்ட்டிலிருந்தே உறிஞ்சி எடுக்கிறது. கணினியின் கிரவுண்ட் அதில் சிப்பின் கிரவுண்டுக்குப் போகாது, சிப்பின் விடிடி (பிளஸ் மின்சாரம்) பின்னுக்குப் போகும்! போர்ட்டின் மைனஸ் வோல்டேஜை 5.1 வோல்ட் ஜீனர் (வோல்டேஜை ஓர் அளவில் நிறுத்தும் டையோடு) வைத்துப் பிடித்து, அதைச் சிப்பின் கிரவுண்டாக்குகிறார்கள். மேலே டிஎக்ஸ்டி தரும் பிளஸ் 8 வோல்ட் சேர்ந்தால்தான் நிரலேற்றத் தேவையான 13 வோல்ட் கிடைக்கும். பழைய டெஸ்க்டாப் போர்ட் பிளஸ் மைனஸ் 12 வோல்ட்டை ஒட்டித் தரும், பிரச்சினை இல்லை. யுஎஸ்பி அடாப்டரோ 5 வோல்ட்டிலிருந்து உயர்த்தித் தர வேண்டியிருக்கிறது, பல அடாப்டர்களில் பிளஸ் மைனஸ் 5, 6 வோல்ட்டோடு நின்றுவிடும். சீரியல் பேச்சுக்கு அது தாராளம், ஏனென்றால் ஆர்எஸ்-232 கேட்கும் முனைக்கு பிளஸ் மைனஸ் 3 வோல்ட் இருந்தாலே போதும். அதனால்தான் உங்கள் வேறொரு கருவி நன்றாக ஓடுகிறது. ஜேடிஎம்முக்கு 5-ம் 6-ம் சேர்ந்து 11 வோல்ட்தான் வரும், சிப் நிரலேற்றும் நிலைக்குள்ளேயே போகாது, மென்பொருள் 'சிப் இல்லை' என்றுதான் சொல்லும். அதோடு அந்த வோல்டேஜைத் தாங்குவது கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்த மின்னூட்டம் என்பதால், வேலை இழுக்க இழுக்க அதுவும் வடிந்துகொண்டே போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. டிஎக்ஸ்டி ஒயரை விரும்பிய நேரம் பிளஸ்ஸில் நிறுத்தி வைக்க மென்பொருள் 'பிரேக்' என்ற நிலையைப் பயன்படுத்துகிறது. எல்லா அடாப்டரும் எல்லா டிரைவரும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. செய்யாத அடாப்டரில் நிரலேற்றும் வோல்டேஜ் எழும்பவே எழும்பாது.

சோதித்தே பார்க்க வேண்டும் என்றால் மல்டிமீட்டரை எடுத்து, அடாப்டரின் 5-வது பின் கிரவுண்டாக வைத்து, போர்ட்டைத் திறந்துவிட்டு 3, 4, 7 பின்களை அளந்து பாருங்கள். புரோகிராமர் சொருகியிருக்கும்போதும் 8 வோல்ட்டுக்குக் குறையாமல் இரண்டு பக்கமும் வந்தால், உங்கள் மென்பொருள் ரெஜிஸ்டரை நேரடியாகத் தொடாமல் விண்டோஸ் வழியாகப் போர்ட்டைக் கையாளும் அமைப்பு உள்ளதாக இருந்தால், முயன்று பார்க்கலாம். குறைந்தால் அந்தக் கருவியை இந்த வழியில் ஓட்ட முயல்வதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை. ஜேடிஎம்மின் கிரவுண்ட் இப்படி இடம் மாறி இருப்பதால், வேறு மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் பொருத்தியிருக்கும் சிப்புக்கு ஒயர் இழுத்து நிரலேற்றாதீர்கள். இரண்டு கிரவுண்டும் எங்காவது சந்தித்தால் 5 வோல்ட் நேரடியாக ஷார்ட் ஆகும்.

கேள்வி: பெட்டியைத் திறக்காமல் என் புரோகிராமர் எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். தனியாக பவர் அடாப்டர் கேட்கிறதா, மென்பொருளில் 9600, 19200, 115200 என்று வேகம் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறதா, கருவியின் ஃபெர்ம்வேர் பதிப்பைத் திரையில் காட்டுகிறதா என்று பாருங்கள். வேகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது என்றால் அது பைட் பேசும் கருவி, யுஎஸ்பி அடாப்டரில் ஓட நல்ல வாய்ப்பு. மாறாக மென்பொருள் டிடிஆர், ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஒவ்வொன்றையும் நேராகவா தலைகீழாகவா என்று டிக் செய்யச் சொன்னால், அல்லது '3எஃப்8' மாதிரி முகவரி கேட்டால், பிட்பேங் என்று முடிவு கட்டிவிடலாம். பவர் அடாப்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், வெளி மின்சாரம் எடுக்கும் பிட்பேங் கருவிகளும் இருக்கின்றன. திறக்க முடிந்தால் திறந்தே பாருங்கள். உள்ளே கிரிஸ்டல் ஒன்றும் பல கால்கள் உள்ள சிப் ஒன்றும் தெரிந்தால் முதல் வகை.

கேள்வி: ஏவிஆர் சிப்களுக்கான எஸ்டிகே500 போர்டு வைத்திருக்கிறேன். அடாப்டர் போட்டும் கணினி அதைப் பார்க்கவில்லை. இதுவும் பிட்பேங்கா?

பதில்: இல்லை, இது முதல் வகை. போர்டுக்குள் தனி மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது, 115200 வேகத்தில் பைட் பேசும், யுஎஸ்பி அடாப்டரில் தாராளமாக ஓடும்.

முதலில் போர்டில் எந்த சாக்கெட்டில் சொருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதில் ஒரே மாதிரி இரண்டு ஒன்பது பின் சாக்கெட் உண்டு, ஒன்றில் 'கன்ட்ரோல்' என்பதன் சுருக்கமும் மற்றதில் 'ஸ்பேர்' என்றும் அச்சிட்டிருக்கும். நிரலேற்றுவது கன்ட்ரோலில் மட்டும்தான். ஸ்பேர் என்பது நீங்கள் எழுதும் நிரல் வெளியே பேசுவதற்கு. இந்தக் குழப்பத்தில் விழாதவர்கள் குறைவு. அடுத்து ஒயர்: நேர் ஒயராக இருக்க வேண்டும், 2-ம் 3-ம் குறுக்கே மாறியிருக்கும் 'நல் மோடம்' (null modem) ஒயர் உதவாது.

அப்புறம் காம் எண். விண்டோஸ் புது அடாப்டருக்கு காம்7, காம்12 என்று மனம் போனபடி எண் கொடுக்கும், பழைய மென்பொருளின் பட்டியலோ காம்4-லேயே முடிந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் பண்புகள், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் எண்ணை மாற்றலாம். சீரியல் எண் பதியப்படாத மலிவு அடாப்டர்களை வேறு யுஎஸ்பி துளையில் சொருகினால் விண்டோஸ் புதுக் கருவி என்று நினைத்து இன்னொரு காம் எண்ணை ஒதுக்கும், அதனால் எப்போதும் ஒரே துளையிலேயே சொருகிப் பழகுங்கள்.

ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம் என்றால் அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று இருக்கும், எஃப்டிடிஐ சிப் உள்ள அடாப்டர்களில். இயல்பாக 16 மில்லிவினாடி வைத்திருப்பார்கள். நாலைந்து பைட் பதில் வந்ததும் உடனே கணினிக்குத் தள்ளாமல், இன்னும் வருமா என்று அடாப்டர் அத்தனை நேரம் காத்திருக்கும். நிரலேற்றும்போது கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று ஆயிரக்கணக்கான தடவை போய் வருவதால் அந்தக் காத்திருப்பெல்லாம் கூடிவிடுகிறது. 1 அல்லது 2-க்குக் குறைத்துவிடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: அடாப்டர் வாங்கும்போது எந்த சிப் உள்ளதை வாங்குவது? எஃப்டிடிஐ, புரோலிஃபிக், சிஎச்340 என்று மூன்று பெயர் சொல்கிறார்கள்.

பதில்: பைட் பேசும் கருவிக்கு மூன்றும் போதும். தலைவலி பெரும்பாலும் டிரைவரில்தான் வரும், அதுவும் போலி சிப்களால்.

புரோலிஃபிக் தன் பிஎல்2303 வரிசையில் பழைய சில சிப்களை 2012-ல் நிறுத்திவிட்டது. புது டிரைவர் அவற்றைக் கண்டால் வேலை செய்ய மறுக்கும், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வரும், புதிய விண்டோஸில் '2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்பு கொள்ளவும்' என்ற பொருளில் ஆங்கில வாசகமே பெயர் இருக்கும் இடத்தில் தெரியும். சந்தையில் சுற்றும் போலிகளில் பல அந்தப் பழைய சிப்பைப் பார்த்துச் செய்தவை என்பதால் அவையும் இதில் மாட்டிக்கொள்கின்றன. அடாப்டரைத் தூக்கிப் போட வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் டிரைவரைப் புதுப்பிக்கும் இடத்தில், கணினியில் இருக்கும் பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லிப் பழைய பதிப்பை எடுத்தால் பெரும்பாலும் உயிர் பெறும். விண்டோஸ் அப்டேட் அதை மறுபடி மாற்றிவைத்தால் மறுபடி இதே வேலை.

எஃப்டிடிஐ கதை இன்னும் காரசாரமானது. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்களுடைய டிரைவர், போலி சிப்களின் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றி எழுதியது, கணினிக்கு அந்தக் கருவி யாரென்றே தெரியாமல் போயிற்று. பெரிய கூச்சல் எழுந்து அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலியைச் செய்தவனை விட்டுவிட்டு, தெரியாமல் வாங்கியவன் கருவியை முடக்கியது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் அசல் கிடைத்தால் என் முதல் தேர்வு எஃப்டிடிஐதான், லேட்டன்சி டைமரைத் திருப்ப முடிகிற அந்த ஒரு வசதிக்காகவே. சிஎச்340 மலிவு, பைட் வேலைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிப் பெயரைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, அடாப்டரில் ஒன்பது பின்னும் நிஜமாக இணைத்திருக்க வேண்டும். மூன்றே ஒயர் வைத்து ஒன்பது பின் தலையைப் பொருத்தியவையும் விற்பனைக்கு வருகின்றன. ஆர்டிஎஸ், சிடிஎஸ் கைகுலுக்கல் (நில், அனுப்பு என்று ஒயர் வழியாகச் சைகை காட்டுவது) கேட்கும் புரோகிராமர் அதில் அசையாமல் நின்றுவிடும். இரண்டாவது, ஒன்பது பின் தலை இல்லாத, சின்ன போர்டாக வரும் டிடிஎல் மாட்யூலை வாங்கி நேராகச் சொருகிவிடாதீர்கள். அதன் பின்கள் 5 அல்லது 3.3 வோல்ட்டுக்கானவை, சிக்னல் தலைகீழாகவும் இருக்கும், பழைய புரோகிராமர் அனுப்பும் மைனஸ் 10 வோல்ட் அதற்குள் போனால் மாட்யூல் பிழைக்காது. அப்படி மாட்யூல்தான் கையில் இருக்கிறது என்றால் இடையில் வோல்டேஜை மாற்றித் தரும் மேக்ஸ்232 சுற்று ஒன்று வேண்டும்.

கேள்வி: என் புரோகிராமருக்கு டாஸ் மென்பொருள் மட்டுமே இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் திறக்கவே மறுக்கிறது.

பதில்: 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடாது, அதில் தகராறு செய்து பயனில்லை. டாஸைப் பாவனை செய்யும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதன் அமைப்புக் கோப்பில் சீரியல்1 என்ற வரியில் டைரக்ட்சீரியல் என்று குறித்து உங்கள் அடாப்டரின் காம் எண்ணைக் கொடுங்கள். பழைய மென்பொருள் 3எஃப்8-ஐத் தொடுவதாக நினைத்துக்கொள்ளும், டாஸ்பாக்ஸ் அதைப் பாவனை செய்து பைட்டுகளை நிஜப் போர்ட்டுக்கு அனுப்பும். பைட் பேசும் கருவி என்றால் பெரும்பாலும் ஓடிவிடும். சில மென்பொருள்கள் கணினியின் வேகத்தைச் சுழற்சி எண்ணிக் கணக்கிட்டுத் தாமதம் வைக்கும், அவற்றுக்கு டாஸ்பாக்ஸின் சைக்கிள் எண்ணைக் குறைத்துப் பாருங்கள்.

விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு அதற்குள் யுஎஸ்பி அடாப்டரைக் கொடுப்பது இன்னொரு வழி, எக்ஸ்பிக்கு மட்டுமே டிரைவர் உள்ள கருவிகளுக்கு அதுதான் வசதி. ஆனால் விர்ச்சுவல் மெஷின் பிட்பேங் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே எந்த விண்டோஸ் ஓடினாலும் வெளியே போகும் ஒயர் அதே யுஎஸ்பிதான், வோல்டேஜும் மாறாது.

கேள்வி: பழைய விளையாட்டு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். 2716, 2732 ஈப்ராம்களுக்காக (புற ஊதா ஒளியில் அழிக்கும் நினைவகச் சிப்கள்) ஒரு பழைய சீரியல் ஈப்ராம் புரோகிராமர் வைத்திருக்கிறேன். டெர்மினல் மென்பொருளிலிருந்து இன்டெல் ஹெக்ஸ் கோப்பை அனுப்பினால் யுஎஸ்பி அடாப்டரில் பாதி வழியில் செக்சம் (கூட்டிச் சரிபார்க்கும் எண்) தவறு என்கிறது. பழைய கணினியில் வராத தவறு இது. புது யுஎஸ்பி புரோகிராமர் வாங்கிவிடட்டுமா?

பதில்: அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். 2716-க்கு நிரலேற்ற 25 வோல்ட் வேண்டும், பழைய 2732-க்கும் 25, 2732ஏ என்றால் 21. இப்போது வரும் விலை குறைந்த யுஎஸ்பி புரோகிராமர்களில் பல அத்தனை வோல்ட் தருவதில்லை, அவை 12.5 வோல்ட் சிப்களை மனதில் வைத்துச் செய்தவை. உங்கள் பழைய பெட்டிக்கு மதிப்பு இருக்கிறது. (எழுதும்முன் ஏ எழுத்து இருக்கிறதா இல்லையா என்று சிப்பின் முதுகைப் படியுங்கள். 21 வோல்ட் சிப்புக்கு 25 கொடுத்தால் திரும்ப வராது.)

உங்கள் தவறு பெரும்பாலும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில்தான். பெட்டியின் நினைவகம் நிரம்பும்போது அது எக்ஸ்ஆஃப் என்ற ஒரு எழுத்தை அனுப்பி, கொஞ்சம் நிறுத்து என்கிறது. பழைய போர்ட்டில் அது உடனே கணினிக்குத் தெரிந்து ஒன்றிரண்டு எழுத்துக்குள் ஓட்டம் நின்றுவிடும். யுஎஸ்பியில் அந்த எழுத்து கணினிக்கு வந்து சேரவே சில மில்லிவினாடி ஆகிறது, அதற்குள் அடாப்டரின் சொந்த பஃபரில் ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்ட எழுத்துகள் வரிசையாக வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர்க் குழாயைத் தொட்டியருகே மூடாமல் மேட்டூர்த் தூரத்தில் மூடுவது மாதிரி, நடுவில் இருப்பது வந்துதான் தீரும். பெட்டியால் பிடிக்க முடியாமல் போன எழுத்துகள் தொலைந்து, அந்த வரியின் செக்சம் தவறாகிறது.

பெட்டி ஆர்டிஎஸ், சிடிஎஸ் கைகுலுக்கலுக்கு ஒத்துழைக்கும் என்றால் அதற்கு மாற்றுங்கள், அதை அடாப்டருக்குள் இருக்கும் சிப்பே கவனித்து நிறுத்த முடியும். முடியாது என்றால் டெரா டெர்ம் மாதிரி மென்பொருளில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் இத்தனை மில்லிவினாடி தாமதம் என்று வைக்கலாம். 50-ல் ஆரம்பித்துத் தவறு நிற்கும்வரை கூட்டுங்கள். 2716-ல் இருப்பது 2 கிலோபைட், வரிக்கு 16 பைட் என்றால் 128 வரிதான். 50 மில்லிவினாடி வைத்தாலும் கூடுதலாக 7 வினாடிக்கு மேல் ஆகாது. 9600 வேகத்தில் அந்தக் கோப்பே 6 வினாடிதான். இதில் அவசரம் எதற்கு?

அனுப்பி முடித்ததும் பெட்டி காட்டும் மொத்தச் செக்சம்மை உங்கள் கோப்பின் செக்சம்முடன் ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். தவறாக எழுதிய ஈப்ராமைப் புற ஊதா விளக்கில் வைத்து அழிக்க ஆகும் நேரத்தை நினைத்தால் இந்தச் சோதனை ஒன்றுமே இல்லை.

கேள்வி: டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு போட்டால் பிட்பேங் கருவிகள் ஓடுமா?

பதில்: யுஎஸ்பியைவிட எவ்வளவோ மேல். கார்டில் நிஜமான யுஆர்ட் (சீரியல் போர்ட் சிப்) இருக்கும், ஒயர் மைக்ரோவினாடியில் அசையும். ஆனால் அதன் முகவரி 3எஃப்8 ஆக இருக்காது, கணினி எங்கே ஒதுக்குகிறதோ அங்கே இருக்கும். மென்பொருளில் முகவரியை மாற்ற முடிந்தால் நல்லது, விண்டோஸ் வழியாகப் போகும் மென்பொருளாக இருந்தால் முகவரிப் பேச்சே வேண்டாம். போனிபுரோக் என்ற நிரலேற்றும் மென்பொருளில் இந்த இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு இருக்கிறது, விண்டோஸ் வழியாகப் போகும், ஏபிஐ என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள்.

கார்டு வாங்கும்முன் உங்கள் மதர்போர்டை ஒரு முறை பாருங்கள். பின்பக்கம் சாக்கெட் இல்லாவிட்டாலும் பல டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் காம் என்று அச்சிட்ட, பத்துக்கு ஒன்று குறைந்த பின் வரிசை இன்னமும் இருக்கிறது. அதற்கான ஒயரும் தகடும் தனியாக விற்கிறார்கள், அதுதான் மலிவான, சிறந்த தீர்வு. அந்த ஒயர்களில் இரண்டு விதமான பின் இணைப்பு உண்டு, தவறானது மாட்டினால் எதுவும் பேசாது. மதர்போர்டு கையேட்டில் உள்ள படத்தை வைத்து மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னாகச் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: லினக்ஸில் அடாப்டரைச் சொருகியதும் போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடுகிறது.

பதில்: சிஎச்340 அடாப்டர், உபுண்டு 22.04. சரியா? பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைக் கவனிக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், அதே அடையாள எண்ணைப் பார்த்து இது பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிடுங்கள். போர்ட் நின்ற பிறகும் அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

கேள்வி: பேரலல் போர்ட் புரோகிராமருக்கு யுஎஸ்பி-பேரலல் ஒயர் உதவுமா?

பதில்: உதவாது. அந்த ஒயர் பிரிண்டருக்கு மட்டுமே செய்தது, ஒவ்வொரு பின்னையும் தனியாக அசைக்க அதில் வழியே இல்லை.

கேள்வி: 24சி02 மாதிரி சின்ன ஈஈப்ராம் மட்டும்தான் படிக்க வேண்டும், என்னிடம் இருப்பது போனிபுரோகின் எஸ்ஐ-புரோக் சுற்று. அதற்கும் யுஎஸ்பி சரிப்படாதா?

பதில்: இங்கே கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. 24சி02-ல் இருப்பது 256 பைட், அதாவது 2,048 பிட். பிட்டுக்கு 5 மில்லிவினாடி ஆனாலும் பத்துப் பதினைந்து வினாடியில் முடிந்துவிடும். இந்தச் சிப்புக்கு 13 வோல்ட் எல்லாம் வேண்டாம், கிளாக் எவ்வளவு மெதுவாக வந்தாலும் பொறுத்துக்கொள்ளும். சுற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுங்கள், ஏபிஐ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், ஒன்பது பின்னும் இணைத்த அடாப்டர் போடுங்கள். படித்ததை இரண்டு தடவை சேமித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டு நம்புங்கள்.

கேள்வி: மூளை இல்லாத கருவிகளை என்னதான் செய்வது? குப்பையில் போட்டுவிடலாமா?

பதில்: நிஜ சீரியல் போர்ட் உள்ள பழைய கணினி ஒன்று மூலையில் கிடந்தால் அதற்கே ஒதுக்கிவிடுங்கள், அந்த ஜோடியை மிஞ்சும் அடாப்டர் இல்லை. அப்படி இல்லையென்றால் நேராக யுஎஸ்பி புரோகிராமருக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். பிக் சிப்களுக்குப் பிக்கிட்2 என்ற யுஎஸ்பி புரோகிராமர் பழையதுதான், ஆனால் 16எஃப்84ஏ வரை எழுதும், தனி டிரைவர் கேட்காது, லினக்ஸிலும் பிகே2சிஎம்டி மென்பொருள் கொண்டு ஓட்டலாம். ஏவிஆருக்கு யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர், அல்லது கையில் ஒரு ஆர்டுயினோ இருந்தால் அதிலேயே ஆர்டுயினோ ஐஎஸ்பி என்ற உதாரண நிரலை ஏற்றி, கணினியில் ஏவிஆர்டியூட் என்ற மென்பொருளில் 19200 வேகம் கொடுங்கள். ஊனோ போர்டு என்றால் நிரலை ஏற்றி முடித்த பிறகு ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ஊனோ தன்னையே ரீசெட் செய்துகொண்டு கணினிக்குப் பதில் சொல்லாமல் போகும். அந்த ஜேடிஎம்மிலிருந்து ஜீனர்களையும் ஐசி சாக்கெட்டையும் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளலாம், வேறு சுற்றுக்கு ஆகும்.